மாட்டுக் கொட்டகைக்கு மேலே ஒரு கோள்

காய்ந்த சாணியும் பச்சை வேப்பிலையும் சேர்ந்து, எரியாமல் புகையும் வாடை. கண்ணைக் கரிக்கும். தொண்டையில் கசக்கும். புடவையில் ஏறிக்கொண்டால் இரண்டு முறை அலசினாலும் இறங்காது. கள்ளக்குறிச்சியில் நான் குடியிருக்கும் தெருவின் கோடியில் இன்னும் ஒரு வீட்டில் மாடு வைத்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் கொட்டகையில் கொசுவுக்கு மூட்டம் போடுவார்கள். தெருவே சன்னலைச் சாத்தும். நான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். புகை உள்ளே வரும். புகைக்குப் பின்னாலேயே அந்தக் கோளும் வரும்.

அதற்குப் பெயர் கிடையாது. பட்டியல் எண் ஒன்று உண்டு. அது நாக்கில் நிற்காது. மாசி மாலையில் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து, வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்சத்திரம். அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர ஆயிரம் ஆண்டுக்கும் மேல் ஆகிறது. அந்த நட்சத்திரத்தை உரசுகிற மாதிரி, நம் வியாழனைவிடப் பருத்த ஒரு கோள் சுற்றுகிறது. பூமிக்கு ஒரு சுற்று என்றால் ஓர் ஆண்டு. அதற்கு ஒரு நாளும் கொஞ்சமும். இன்று காலையில் பிறந்த வருஷம் நாளைக் காலைக் காபிக்குப் பிறகு முடிந்துபோகும். ஒரு முகம் எப்போதும் நெருப்பைப் பார்த்தபடி, மறு முகம் எப்போதும் இருட்டில். இரும்பைக் கொண்டுபோய் வைத்தால் உருகி ஓடும். போதாததற்கு, சுற்றச் சுற்ற அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விழுந்துகொண்டும் இருக்கிறது.

இதையெல்லாம் எங்கெங்கோ படித்துவிட்டு நான் ஒரு வசனகவிதை எழுதியிருந்தேன். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்துவது என் வேலை. மிச்ச நேரத்தில், பெரும்பாலும் ஓடுகிற பஸ்ஸில், எழுதுவது என் வியாதி. ஓரிடத்தில் உட்கார்ந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். அதனாலேயோ என்னவோ, ஓடி ஓடி எங்கேயும் போய்ச் சேராத அந்தக் கோள்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. தீயின் மடியில் அமர்ந்தவள் என்று அதை எழுதினேன். வேகும் மணப்பெண் என்று எழுதினேன். இன்னும் என்னென்னவோ.

முதலில் படித்துக் காட்டியது கண்ணாடிக் கடை பாயிடம். கடைவீதியில் நெடுநாளாக மூக்குக்கண்ணாடி விற்கிறவர். ஏறக்குறைய என் வயதுதான். லென்ஸ் தேய்த்த கை சும்மா இராமல் வானத்துப் பக்கம் போய், தொலைநோக்கி, அதைத் திருப்பும் மோட்டார், கேமரா என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தார். என் பழைய கண்ணாடிக்குத் திருகு முடுக்கிக்கொண்டே கேட்டார். முடித்ததும் கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"நல்லா கீதுக்கா. ஆனா ஒண்ணு. இவ்ளோ எழுதறீங்களே, நாம அத ஒருவாட்டி புடிச்சிப் பாத்தா இன்னா?"

"அதப் பாக்க முடியாதே பாய்."

"கோளப் பாக்க முடியாது. அது குறுக்கால வரும்போது நட்சத்திரம் மங்குதில்ல, அதப் பாக்கலாம். நூறு பங்கு வெளிச்சத்துல ஒண்ணு, ஒன்ற பங்கு கம்மியாவும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். மூணு மணி நேரம் வுடாம படம் எடுத்துக்கினே இருக்கணும். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்கா. ஆனா நோம்புக்குள்ள முடிக்கணும்."

நோன்பு தொடங்குவதற்குள் அவர் ஊரை விட்டுப் போகிறார். கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். சென்னையில் தம்பியின் கடையில் போய்ச் சேர்ந்துகொள்வதாக முடிவாகியிருந்தது. சென்னை வானத்தில் நிலவைத் தவிர வேறெதையும் நம்ப முடியாது என்பது அவர் எண்ணம். இத்தனை வருஷமாக நிலவின் குழிகளையும் சனியின் வளையத்தையும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியிருக்கிறார். எல்லாம் யாரோ எப்போதோ கண்டு சொன்னவை. நானே அளந்தேன், நானே கண்டேன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை. கடையின் கண்ணாடிச் சட்டங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே அதை ஒரே ஒரு முறைதான் வாய்விட்டுச் சொன்னார்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு என்துன்னு இருக்கணும்கா."

அன்றைக்கே கவிதையை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். நட்சத்திரம் மங்குவதை அவர் படம்பிடிக்கும் வரை கவிதையை அச்சுக்குக் கொடுப்பதில்லை. யாரும் கேட்காத சபதம். எனக்கு அந்த மாதிரிச் சபதங்கள்தான் பிடிக்கும்.

ஊருக்குள் வேலைக்காகாது. தெருவிளக்கு, லாரிப் புழுதி, ஆலைப் புகை. மலைக்குத்தான் போக வேண்டும். கரியாலூரைத் தாண்டி, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். அதன் கடைசி வீடு, தளம் போட்ட சின்ன வீடு. காற்று வரும் பக்கம் அந்த வீடுதான் முதலில். மற்ற வீடுகளின் அடுப்புப் புகையெல்லாம் பள்ளத்துப் பக்கம் போய்விடும். அதைப் பார்த்துத்தான் பாய் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். முன்பு ஒருமுறை அவர் மலையில் கண் முகாம் போட்டபோது, அந்த வீட்டு அம்மாளுக்குச் சாமையில் கல் பொறுக்க ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அந்த அம்மாள் எங்களையும், வேனிலிருந்து இறங்கிய குழாயையும், பேட்டரியையும், முக்காலியையும் வாசலில் நின்று பார்த்தார்.

"மாடியில இன்னா பண்ணப் போறீங்க?"

"ஒரு நட்சத்திரத்த படம் எடுக்கணும்மா," என்றார் பாய்.

"எத்தினி படம்?"

"மூணு மணி நேரத்துக்கு வுடாம."

"ஏன், அதுக்குக் கல்யாணமா?"

பாய் சிரித்த சிரிப்பில் முக்காலி கை நழுவியது. மாடியில் காயப்போட்டிருந்த மரவள்ளிச் சீவலை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு ஏற்றினோம். மலையில் இருட்டு இறங்குவதில்லை, பள்ளத்திலிருந்து ஏறி வருகிறது. முதலில் கீழே ரோடு மறைந்தது. பிறகு கடுக்காய் மரங்கள். பிறகு எங்கள் கால்கள். கடைசியில் முகமும் போனபோது மேலே வானம் கொட்டிக் கிடந்தது. தையின் குளிர் காது மடலைக் கடித்தது. கேமரா ஒரு படம் எடுத்து மூச்சு வாங்கி, அடுத்த படம் எடுத்தது. கீழே பால் கறக்கும் சத்தம், பிறகு வாளியை வைக்கும் சத்தம்.

எல்லாம் முடிந்தபின் பாய் மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அந்த நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாக வைத்தார். நேராகப் போன புள்ளிகள் ஓரிடத்தில் தொய்ந்தன, ஈரத்துணி போட்ட கொடி மாதிரி. பிறகு நிமிர்ந்தன.

"வுழுந்துச்சிக்கா! வுழுந்துச்சி!"

"இதானா?"

"இதேதான். நெனச்சத வுட ஆழம் ஜாஸ்தி, நேரம் கம்மி. பரவால்ல, இன்னா இப்போ!"

ஆழம் ஜாஸ்தி, நேரம் கம்மி. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷமாக இருக்கிறவர்களுக்குச் சந்தேகம் வரப் பிந்தும். கீழே இறங்கி அந்த அம்மாள் போட்ட சாமைச் சோற்றையும் மொச்சைக் குழம்பையும் தின்றோம். வளைவுச் சாலையில் வேன் இறங்கும்போது பாய் ஹாரனைத் தேவையில்லாமல் அடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் அச்சகத்துக்கு வந்தவர் உட்காரவில்லை.

"பக்கத்துல கீற நட்சத்திரத்தையும் அளந்து பாத்தேன்கா. அதுவும் மங்கியிருக்குது. அதுக்கு அந்தாண்ட இருக்கறதும். மொத்தமா எல்லாமே."

ஒரு கோள் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும். ஊரிலுள்ள எல்லா நட்சத்திரத்துக்கும் குறுக்கே போகாது. நான் கையிலிருந்த கல்யாணப் பத்திரிகையைக் கீழே வைத்தேன். மேகமா, பனியா என்று கேட்டேன். அவர் மலையில் போட்டிருந்த அதே ஸ்வெட்டரின் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

மூட்டம். அந்த அம்மாள் பால் கறந்து முடித்ததும் கொட்டகையில் மூட்டம் போட்டிருக்கிறார். கொட்டகை மாடிக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புகை சுவரேறி வந்து குழாயின் வாயெதிரே படுத்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அங்கேயேதான் நின்றோம். இருமினோம். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு குளிர் என்றார். நானும் குளிர் என்றேன். பிறந்ததிலிருந்து பொழுது சாய்ந்தால் இந்த வாடை வரும் ஊர்க்காரர்கள். எங்கள் மூக்குக்கு அது புகையே இல்லை, மாலை. வேறு ஊர்க்காரராக இருந்தால் முதல் இருமலிலேயே கீழே ஓடியிருப்பார். அந்தப் புகைக்குள்ளே, கோளால் நட்சத்திரம் மங்கிய உண்மையான பள்ளம் எங்கேயோ இருந்திருக்கும். பிரித்தெடுக்க முடியவில்லை. பாய் ஒரு ராத்திரி முழுக்க முயன்றுவிட்டுக் கைவிட்டார்.

அந்தக் கோள் நட்சத்திரத்தை மறைக்கும் நேரம் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். நடுநிசிக்குப் போய், விடியலுக்குப் போய், பகலில் தொலைந்து, திரும்ப அதே மாலை நேரத்துக்கு வர ஏறக்குறையப் பன்னிரண்டு நாள். நோன்புக்கு முன்னால் அப்படி ஒரு மாலைதான் மிச்சம். பாயின் வீட்டுச் சாமான் அதற்குள் பாதி கட்டியாகிவிட்டது.

"வரீங்களாக்கா?" என்று கேட்டார்.

நான் ஏற்கெனவே லீவு சொல்லியிருந்தேன்.

இந்த முறை பொழுதிருக்கவே போய்ச் சேர்ந்தோம். தொலைநோக்கியை ஏற்றி நிறுத்திவிட்டு, பாய் கீழே இறங்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொட்டகை வாசலில் நின்றார்.

"ஒரு நாள் மூட்டம் போடாம இருந்தா இன்னாம்மா?"

சாணி வறட்டியைச் சட்டியில் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள் நிமிரவில்லை.

"ஒரு நாள் நட்சத்திரம் பாக்காம இருந்தா இன்னா?"

"இன்னிக்கி வுட்டா அவ்ளோதாம்மா. நான் ஊர வுட்டே போறேன்."

"கன்னு போட்ட மாடு. மடியில கொசு மொய்ச்சா காலையில பால் எறங்காது. கன்னும் படுக்காது, ராவெல்லாம் நின்னுக்கினே கெடக்கும். உங்க கோளுக்கு ஒரு நாளுன்னா ஒரு வருசம்னு அன்னிக்கிச் சொன்னீங்க. நாளைக்கி வந்து பாருங்க, அடுத்த வருசம்."

"நாளைக்கி ரெண்டு மணி நேரம் தள்ளிப்பூடும்மா, அதுக்குள்ள நட்சத்திரம் மேக்கால சாஞ்சி, மலையில பனி எறங்கி..." பாய் விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "கொசுவலை கட்டிடலாமா?" என்றார்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "கட்டுங்க. அப்படியே ஒரு தலகாணியும் குடுங்க."

பாய் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இடிக்கிற கட்டடத்தைப் பற்றிப் பேசும்போதுகூட அப்படி இல்லை. வெட்டவெளியில் எவ்வளவோ தூரம் ஓடிவந்த வெளிச்சம், கடைசியில் ஒரு வறட்டிச் சட்டியில் தடுக்கி விழப்போகிறது.

"நான் விசிறறேன்," என்றேன்.

"எத?"

"மாட்ட. கொசு அண்டாம நான் விசிறிக்கினே இருக்கேன். நீங்க மூட்டம் போடாதீங்க."

"மூணு மணி நேரமா?"

"மூணு மணி நேரம்."

"கை வுட்டுப்பூடும் யம்மா."

"வுடட்டும்."

அந்த அம்மாள் சட்டியைத் தன் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு, தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, கொட்டகை வாசலில் ஒரு கல்மேல் உட்கார்ந்தார். "நீங்க நிறுத்தினா நான் பத்த வெச்சிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்." பாய் இரண்டு இரண்டு படியாக மாடிக்குத் தாவினார்.

விளக்கும் கூடாது, கேமராவுக்கு ஆகாது. இருட்டில் ஒரு செவலை மாடு, அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு கன்று, இரண்டு கையிலும் வேப்பங்கொத்தோடு நான். முதல் கொஞ்ச நேரம் நடனம் மாதிரி இருந்தது. இடப்பக்கம் ஒரு வீச்சு, வலப்பக்கம் ஒரு வீச்சு, மடிக்குக் கீழே ஒரு வீச்சு. பிறகு தோள் பேச ஆரம்பித்தது. பிறகு முழங்கை. கொசு என்னையும் விடவில்லை. கழுத்தில், பாதத்தில், காதுக்குள். மாட்டுக்கு வால் இருக்கிறது, எனக்கு அதுவும் இல்லை. மாடு ஒருமுறை என் பக்கம் தலையைத் திருப்பிப் பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு சூடாக, புல் வாடையோடு என் மணிக்கட்டில் பட்டது.

"மேல இப்போ இன்னா நடக்குது?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஒரு பெரிய உருண்ட நெருப்புக்கு முன்னால குறுக்க போவுது."

"எவ்ளோ கிட்ட?"

"ஒட்டிக்கினு."

"சூடு தாங்காதே. தள்ளிப் போறதுதான?"

"வுடமாட்டேங்குது. இழுத்துப் புடிச்சிக்கினு கீது. வர வர இன்னும் கிட்ட போயி, ஒரு நாளு உள்ள வுழுந்துடும்."

"எப்போ?"

"பல லட்சம் வருசம் ஆவும்."

"அதோட வருசமா, நம்ம வருசமா?"

சிரித்துவிட்டேன். கை நின்றது. உடனே இருட்டில் தீப்பெட்டி குலுங்கும் சத்தம். நான் மறுபடி வீச ஆரம்பித்தேன்.

தீயின் மடியில் அமர்ந்தவளாம். அந்த வரி அங்கேதான் என்னிடமிருந்து உதிர்ந்தது. யார் அமர்ந்தார்கள்? அந்தக் கோளுக்கு அமர நேரமேது? நின்றால் அந்தக் கணமே விழும். விழாமல் இருக்க ஓடுகிறது, ஓடியும் விழுகிறது, விழுந்தாலும் ஓடுகிறது. மணப்பெண்ணும் இல்லை, மடியும் இல்லை. வெறும் ஓட்டம். இதையெல்லாம் பெரிய ஞானமாக யோசிக்கவில்லை. தோள்பட்டையில் ஒரு நரம்பு இழுத்துக்கொண்டது, வலியை மறக்க எதையாவது நினைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மாடியிலிருந்து இடையிடையே குரல் வரும். "வுடாதீங்கக்கா, நல்லா வருது!" பிறகு அந்தக் குரலும் நின்றுபோனது. அந்த அமைதிதான் பயமாக இருந்தது. மேகமா? பேட்டரி போயிற்றா? கேட்கக் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வலக்கை தானாகக் கீழே இறங்கியது. தூக்கினேன். இறங்கியது. கன்று உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு எழ முயன்றது. தீப்பெட்டிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இடக்கையை மட்டும் வீசினேன்.

சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாக மாட்டின் அந்தப் பக்கத்தில் இலை அசையும் ஓசை. அந்த அம்மாள் தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு வந்து வீசிக்கொண்டிருந்தார்.

"மாட்டுக்காகத்தான்," என்றார்.

"தெரியும்," என்றேன்.

இரண்டு பக்கமும் இலைச் சத்தம். நடுவில் மாடு அசைபோட்டது.

பாய் இறங்கி வந்தபோது குதித்துக்கொண்டு வரவில்லை. படியைத் தடவித் தடவி வந்தார். மடிக்கணினியைத் திறந்தபடியே ஏந்தியிருந்தார். அதன் வெளிச்சத்தில் தாடியில் பனி. கொட்டகைச் சுவர்மேல் வைத்துக் காட்டினார். இந்த முறை நான்கு நட்சத்திரங்களை அளந்திருந்தார். மூன்று வரிசை நேராகப் போயின. நான்காவது, நம்முடையது, பல் போன சீப்பு மாதிரி மேலும் கீழுமாகப் போய், மெல்ல இறங்கி, நெடுநேரம் தாழவே கிடந்து, மெல்ல ஏறியது.

"எவ்ளோ?" என்றேன்.

"நெனச்ச அளவுதான்கா. ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல."

பாய் தோள்துண்டால் திரையைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எது?"

"இந்தப் பள்ளம்மா. இதான் அது."

"இவ்ளோண்டா?"

"இவ்ளோண்டுதான்."

"இதுக்கா இந்தம்மா கை வீங்குச்சி?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு முறை குனிந்து பார்த்தார். விரலால் அந்தப் பள்ளத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒருமுறை தடவினார். பிறகு போய் மூட்டத்தைப் பற்றவைத்தார். நாங்கள் மூவரும் அந்தப் புகையில் நின்று ஆசை தீர இருமினோம்.

அடுத்து வந்த நாட்களில் என்னால் பேனா பிடிக்க முடியவில்லை. இடக்கையால் பிழை திருத்தியதில் ஒரு மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் ஒரு கோணல் கோடு விழுந்துவிட்டது. அச்சகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கை சரியானதும் கவிதையை எடுத்தேன். பாதிக்கு மேல் அடித்தேன். மிஞ்சிய வரிகளை அச்சுக்குக் கொடுத்தேன்.

சின்னசேலம் ஸ்டேஷனில் காலைப் பாசஞ்சருக்கு நானும் பாயும் நின்றோம். விருத்தாசலம் போய் வண்டி மாறிச் சென்னைக்குப் போகிறார். வீட்டாரும் சாமானும் முதல் நாளே லாரியில் போயாயிற்று. லாரிக்காரரிடம் தொலைநோக்கியைக் கொடுக்க மனசில்லாமல், போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல் தோளில் சார்த்திக்கொண்டு நின்றார். நாங்கள் அந்தக் கோளைப் பற்றிப் பேசவே இல்லை. வெயிலைப் பற்றிப் பேசினோம். நோன்புக் கஞ்சிக்குச் சென்னையில் நல்ல சீரகச்சம்பா கிடைக்குமா என்று பேசினோம். வண்டி வந்தது. ஏறி, சன்னலோரம் இடம் பிடித்து, போர்வை மூட்டையை மடியில் இருத்திக்கொண்டார்.

"அங்க வானமே தெரியாதுன்னீங்களே பாய், இத வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

வண்டி நகர்ந்தது. அவர் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு சத்தமாகச் சொன்னார்.

"அங்க நாங்க போற வூட்டு மொட்டமாடியப் பூட்டியே வெச்சிருக்காங்களாம்கா. சாவி மூணாவது மாடி மாமிகிட்ட கீதாம். போயி எறங்கினதும் மொத வேலையே அவங்களுக்கு ஒரு சலாம் போடறதுதான்!"